வாசல்ல உக்காந்திருந்தவன்

நமக்கு இது ரெண்டாவது பிஎச்டி சார். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். மொதப் பிஎச்டிக்கு மூணு மாசம் இதே வேன்தான் ஓடுச்சு. நீங்க உக்காந்திருக்கிற சீட்டுலதான் அந்த மேடமும் உக்காந்து வரும். கதவ இன்னொரு தடவ இழுத்துச் சாத்துங்க. ஒரு அடி வாங்குனதுல இருந்து அது சரியா ஒட்ட மாட்டேங்குது. வலசங்குடி போக ஒரு மணி நேரம் ஆகும். பேச்சுத்தொணைக்கு நான் இருக்கேன். தவசின்னு பேரு.

அந்த மேடம் பேரு ஜெபசீலி. நாகர்கோவில் பக்கத்துப் புள்ள, சென்னையில ஆராய்ச்சி. இருபத்தெட்டு இருபத்தொம்பது வயசு இருக்கும். ஒல்லியா, பெரிய கண்ணாடி போட்டுக்கிட்டு, மாசி மாசக் கடைசியில வந்து எறங்குச்சு. "அண்ணே, கண்மாயப் பத்தி எழுதப் போறேன்"னுச்சு. கண்மாயில எழுத என்ன மேடம் இருக்கு, தண்ணி இருக்கும், இல்லாட்டி இருக்காதுன்னேன். சிரிச்சுச்சு. அப்பறம்தான் தெரியுது, கண்மாய்த் தண்ணி யாருக்கு, மீன் யாருக்கு, கரையில நிக்கிற மரம் யாருக்கு, எனக்கும் குடுன்னு யாரு கேட்டாக, கேட்டவுகளுக்கு என்ன ஆச்சு, அதத்தான் எழுதப் போகுதுன்னு.

வந்தப்ப அதுக்கு ஒண்ணுமே தெரியாது சார். மடைக்கும் கலுங்குக்கும் வித்தியாசம் தெரியாது. நாந்தான் கையக் காட்டிச் சொன்னேன், இது மடை, வயலுக்குத் தண்ணி போற வழி, அது கலுங்கு, நெறஞ்சு மிஞ்சுன தண்ணி வெளியேறுற வழின்னு. யாரு எந்தத் தெரு, யாருக்கு யாரு சொந்தம், எந்த வீட்டுல எந்நேரம் ஆளு இருக்கும், எல்லாம் என் வாயில இருந்து வந்ததுதான். நான் சொல்லச் சொல்ல எழுதும். பாதி ஆராய்ச்சி என்னோடதுன்னு வச்சுக்கங்க.

யார்கிட்டப் பேசுனாலும் மொதல்ல ஒரு தாள நீட்டும். உங்க பேரு எங்கயும் வராது, வேற பேருதான் போடுவேன்னு அதுல இருக்கும். படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கும், இல்லாட்டி கைநாட்டு. மொத நாளே எங்கிட்டயும் வாங்கிருச்சு. எனக்கெதுக்கு மேடம், என் பேர நல்லாப் பெருசாவே போடுங்கன்னேன். "எல்லாருக்கும் ஒரே முறைதாண்ணே"ன்னுச்சு.

எங்க ஊருக்கு ரெண்டு தெரு. மேற்குத் தெரு நாங்க. கிழக்குத் தெரு அவுக. இதுக்கு மேல வெளக்கம் வேணாம், நீங்க படிச்சவரு. கண்மாய் மீன் குத்தகை எப்பவும் மேற்குத் தெருவுக்குத்தான். அவுக ஏலத்துக்கு வருவாக, ஓரமா நிப்பாக, போயிருவாக. மேடம் வந்ததுக்குப் பத்தொம்பது வருசம் முன்னாடி, வேலாண்டின்னு ஒருத்தன், கிழக்குத் தெரு, ஏலத்துல கையத் தூக்கிட்டான். அதிகாரி முன்னாடி நடந்த ஏலம். அவன் பேருக்கே விழுந்துருச்சு.

பங்குனியில தண்ணி வத்தி முழங்காலளவு சேறும் தண்ணியுமா நிக்கிறப்ப கண்மாய அழிப்பாக. அழிக்கிறதுன்னா மொத்த மீனையும் அரிச்சு எடுக்கிறது சார். அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு வேலாண்டி, அவன் பொண்டாட்டி சீனியம்மா, அவன் தம்பி முனீசு, ஒரு பத்துப் பன்னெண்டு சனம் எறங்கி அரிச்சுக்கிட்டு இருக்காக. நாங்க நாப்பது பேரு போனோம். பேசத்தான் போனோம். பேசப் போற ஆளுக்கு அருவா எதுக்குன்னு கேப்பீங்க. இடுப்புல இருக்கும் சார், ஒரு பழக்கம்.

மொத வெட்டு கோட்டைச்சாமி மாமா. எங்க அம்மா கூடப் பொறந்தவரு, அப்ப அவருதான் பஞ்சாயத்துத் தலைவரு. வெட்டு தோள்பட்டையில விழுந்துச்சு. வேலாண்டி ஓடுனான். சேத்துல எங்கிட்டு ஓட? ஒரு காலத் தூக்குனா இன்னொரு கால் புதையுது. அந்நேரம் பாத்து யாரோ ஒருத்தன் வீச்சு வலைய விரிச்சு அவன் மேல வீசிட்டான். விரால் சிக்குற மாதிரி சிக்கிட்டான். உதறுறான், உதற உதற வலை இறுகுது. அப்பறம் வலையோட சேத்து வெட்டுனாக. நான் எண்ணல. பதினேழுன்னு டாக்டர் கோர்ட்டுல சொன்னாரு. தடுக்க ஓடியாந்த முனீசுக்குக் கழுத்துல ஒண்ணே ஒண்ணு. அவனுக்கு ரெண்டாவது தேவப்படல. ரெண்டு பேரும் மீனுக்கு நடுவுல கெடந்தாக. கெண்டை துள்ளித் துள்ளி மேல விழுகுது. சீனியம்மா சேத்துல தவழ்ந்து வந்து வலைக் கண்ணிய பல்லால கடிச்சுக் கடிச்சுப் பிரிக்கிறா. யாரும் கிட்டப் போகல. அந்த வருசம் எங்க ஊர்ல யாரும் மீன் திங்கல சார், அம்புட்டு வருத்தம்.

நான் கரையில ஓரமா நின்னேன். கேசுல நான் ரெண்டாம் சாட்சி. ஒண்ணும் பாக்கலன்னு சொன்னேன். எட்டு மணி வெயிலு நேராக் கண்ணுல அடிச்சா என்னத்தத் தெரியும்? எல்லாருக்கும் விடுதலை.

இதத்தான் மேடம் தோண்டிக்கிட்டு இருந்துச்சு. எங்க தெருவுல எல்லாரும் தண்ணியப் பத்திப் பேசுனாக, மழையப் பத்திப் பேசுனாக, அந்த நாளப் பத்தி மட்டும் வாயத் தொறக்கல. கிழக்குத் தெருவுலயும் அப்படித்தான். சீனியம்மா வீட்டு வாசல்ல அஞ்சு தடவ போயி நின்னுச்சு. "ஆடு மேய்க்கப் போறேன்", "தலவலி", "எனக்கொண்ணும் ஞாபகமில்ல". ஆறாவது தடவ போறப்ப அவ முத்தத்துல புளி குமிச்சு வச்சு உடைச்சுக்கிட்டு இருந்தா. மேடம் ஒண்ணும் கேக்கல. கீழ உக்காந்து அதும் புளியங்கொட்டை எடுக்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்த நாளும் அதேதான். அதுக்கடுத்த நாளும். ஒரு வாரம் சார்! கையெல்லாம் புளி ஒட்டி, நகக்கண்ணு கருத்துப் போச்சு. இதுக்கா மேடம் சென்னையில இருந்து வந்தீங்கன்னு கேட்டேன். அது அடுத்த கொட்டைய எடுத்துச்சு.

எட்டாம் நாளு சீனியம்மாவே சுத்தியலக் கீழ வச்சுட்டுச் சொன்னா, "அந்தப் பேச்சுப் பிடிக்கிற மிசினை எடு, தாயி."

நான் வாசல்ல செவத்து நெழல்ல உக்காந்திருந்தேன். போகச் சொல்லல, அதனால உக்காந்திருந்தேன். ஒண்ணு விடாம சொன்னா சார். யாரு மொதல்ல வெட்டுனது, யாரு ரெண்டாவது, யாரு முனீசுக் கழுத்துல வச்சது. ஒவ்வொரு பேரா. அழுகையே இல்ல, கடையில சாமான் சொல்ற மாதிரி சொன்னா. கடைசியா மட்டும் கொரல ஏத்துனா. "வலைய வீசுனவன் யாருன்னும் எனக்குத் தெரியும் தாயி. அந்தப் பேர நான் சொல்ல மாட்டேன். அவனே ஒருநா சொல்லட்டும்." அதச் சொல்றப்ப எதுக்கு வாசப் பக்கம் பாத்துச் சொல்லணும்? உள்ள இருக்கிற மேடத்தப் பாத்துல்ல சொல்லணும்?

திரும்பி வர்றப்ப மேடம் பச்சைப் பைய மடியிலயே வச்சிருந்துச்சு. பாதி வழியில கேட்டுச்சு, "அண்ணே, உங்க காதுல எதுவும் விழுகலல்ல?"

"தூங்கிட்டேன் மேடம்"னேன்.

"விழுந்திருந்தாலும் வெளிய போகக் கூடாதுண்ணே. அவங்க உசுரு சம்பந்தப்பட்டது."

"என்ன மேடம், என்னப் பத்தித் தெரியாதா?"ன்னேன்.

சாயங்காலம் மாமா கடைக்குப் போனேன். சிமெண்டுக் கடை வச்சிருக்காரு. போகணும்னு போகல, வழியில இருக்கு. மாமா கேட்டாரு, என்னடா மேடம் இன்னைக்கு எங்க போச்சுன்னு. தாய்மாமன் கேக்குறாரு, பொய் சொல்ல முடியுமா? சொன்னேன். அவரு பலகாரம் தின்னுக்கிட்டு இருந்தாரு. கையத் தொடச்சாரு. "மிசினு எங்க வச்சிருக்கா?" பச்சைப் பையில மாமா. "நாளைக்கு எத்தன மணிக்கு வருவா?" ஒன்பதரைக்கு. "எந்த வழி?" கண்மாய்க்கரை வழிதான். அவரு கேட்டாரு, நான் பதில் சொன்னேன். நானா ஒண்ணும் எடுத்துச் சொல்லல, அத நீங்க கவனிக்கணும்.

மறுநா காலையில கரையில ஒரு டிராக்டர் குறுக்க நின்னுச்சு. மாமா மகன் ராக்கப்பன், கூட மூணு பேரு. நான் வண்டிய நிறுத்துனேன். குறுக்க நின்னா நிறுத்தாம என்ன செய்ய? ராக்கப்பன் கடப்பாரையால இந்தக் கதவுல ஒண்ணு போட்டான், நீங்க சாஞ்சிருக்கீங்கல்ல அதே கதவுதான். கதவுக் கண்ணாடி சில்லுச் சில்லா மேடம் மடியில கொட்டுச்சு. தலமுடியப் பிடிச்சு வெளிய இழுத்தான். மேடம் பைய நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிச்சு. வயித்துல மிதிச்சான். விடல. இன்னொரு மிதி. அப்பவும் விடல. மூணாவது மிதியில வாயில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, ஆட்டுக்குட்டி மாதிரி, அப்பத்தான் பை நழுவுச்சு. மிசினைக் கல்லு மேல வச்சு நசுக்குனாக. நோட்டையெல்லாம் கிழிச்சுக் கண்மாயில எறிஞ்சாக.

"வேற எங்கடி வச்சிருக்க?"

"எங்கயும் இல்ல."

"எந்தக் கையால எழுதுவ?"

அது சொல்லல. ராக்கப்பன் என்னையத் திரும்பிப் பாத்தான். நான் ஒண்ணும் சொல்லல சார். நோட்டு எழுதுறப்ப எந்தக் கைன்னு மூணு மாசமாப் பாத்தவன், வலது கையப் பாத்திருப்பேன் போலருக்கு. கண்ணு அங்க போயிருக்கும். அவன் வலது கைய இழுத்து மடைக்கல்லுல வச்சு, கடப்பாரையத் திருப்பிப் பிடிச்சு மூணு தடவ குத்துனான். வெரலு ஒடையுற சத்தம் கேட்டிருக்கீங்களா? காஞ்ச சுள்ளி மாதிரிதான் இருக்கும். அந்நேரம் அது என்னையப் பாத்து, "அண்ணே"ன்னு ஒரு தடவ கூப்புட்டுச்சு. ஒரே ஒரு தடவ. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கும் ஒரு அறை விழுந்துச்சு சார். காது ரெண்டு நாளு கொய்யுன்னுச்சு. அத யாரும் எழுதல.

அதே நேரம் மாமா சீனியம்மா வீட்டுக்குத் தனியாப் போயிட்டாரு. அருவாளோட. பொம்பளைதானேன்னு ஆளு கூட்டிட்டுப் போகல. மொத வெட்டுல அவ எடது காது தொங்கிப் போச்சு, ரெண்டாவது முன்கையில. மூணாவது ஓங்குறப்ப அவ புளி உடைக்கிற சுத்தியல எடுத்து முட்டியில போட்டா பாருங்க. மாமா விழுந்துட்டாரு. விழுந்தவரு மேல ஏறி உக்காந்து அதே முட்டியில இன்னும் ரெண்டு. கழுத்து வழியா ரத்தம் ஊத்துது, அவ பாட்டுக்குப் போடுறா. தெருச்சனம் வந்து தூக்கலேன்னா தலையில எறக்கியிருப்பா. அறுபது வயசு மனுசனப் போட்டு இப்படியா அடிப்பாக? இன்னைக்கு வரைக்கும் கம்பு ஊண்டித்தான் நடக்குறாரு. நல்ல மனுசன் சார்.

மேடத்தையும் சீனியம்மாவையும் பெரியாஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல போட்டிருந்தாக. நான் சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன். உள்ள என்ன பேசிக்கிறாகன்னு பாத்துட்டு வான்னு மாமா வீட்டுல சொன்னாக, ஆனா நானே எப்படியும் போறதாத்தான் இருந்தேன். மேடம் கையில கட்டோட சீனியம்மா கட்டிலுக்கு வந்து நின்னு அழுகுது.

"எல்லாத்தையும் அழிச்சிர்றேன்மா. நீங்க சொன்னது எதுவும் வராது. நான் இந்தப் படிப்பையே விட்டுர்றேன்."

சீனியம்மாவுக்குத் தலையச் சுத்திக் கட்டு, ஒரு கண்ணுதான் தெரியுது. "அழிக்கிறதுக்கா பத்தொம்பது வருசம் உள்ளயே வச்சிருந்தேன்? மிசினு போச்சுன்னா திரும்பச் சொல்றேன், எழுது."

"போகலம்மா. அன்னைக்குச் சாயங்காலமே சென்னைக்கு அனுப்பிட்டேன். எங்க பேராசிரியர்கிட்ட பத்திரமா இருக்கு."

"அப்ப என்னத்துக்கு அழுகுற? எழுது. எம்பேர மாத்தாத. சீனியம்மான்னே போடு. இதுக்கு மேல வெட்ட எங்கிட்ட என்ன இருக்கு?"

பாத்தீங்களா சார்? முந்துன நாளே அனுப்பிருச்சாம். மூணு மாசம் கூடவே திரிஞ்சவன் நானு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணுமா இல்லையா? சொல்லியிருந்தா மாமாகிட்ட நானே சொல்லியிருப்பேன், ஒடச்சுப் பிரயோசனமில்லன்னு. அந்த மனசு வலி எனக்கு இன்னும் இருக்கு. சாத்துக்குடியக் கூட ரெண்டு பேரும் வாங்கல. சன்னல்ல வச்சுட்டு வந்தேன்.

அப்பறம் ரெண்டு வருசம் ஆச்சு. எடது கையால தட்டித் தட்டியே முழுப் புத்தகத்தையும் முடிச்சுச்சாம். கடைசியில வாய்மொழித் தேர்வுன்னு ஒண்ணு வைப்பாகளாமே, உங்களுக்குத் தெரியாததா, யாரு வேணும்னாலும் போயி உக்காரலாமாமே. மேடத்துக்கு அது நடக்கப் போகுதுன்னு கேள்விப்பட்டு ராக்கப்பன் என்னைய ரயிலேத்தி விட்டான், நம்ம பேரு எதுவும் வருதான்னு பாத்துட்டு வான்னு. அவன் சொல்லாட்டியும் போயிருப்பேன். நம்ம மேடம் டாக்டர் ஆகுது, பாக்க வேணாமா?

பெரிய ஹாலு. கடைசி வரிசையில உக்காந்தேன். மொத வரிசையில சீனியம்மா, புதுச் சேலை, காதில்லாத பக்கம் முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு. மேடம் பேசுச்சு. வலது கைய மேசைக்கு அடியில வச்சுக்கிட்டு, எடது கையால படத்தக் காட்டிக் காட்டிப் பேசுச்சு. நம்ம கண்மாய்தான். மடை, கலுங்கு, அந்தக் கல்லு. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. கேள்வி கேக்க வந்த ஒரு அம்மா, வயசானவுக, எந்திரிச்சுக் கேட்டாக. "ரகசியம்னு வாக்குக் குடுத்துத்தானே பேச வச்சீங்க? அது எப்படி வெளிய போச்சு? ஒரு பொண்ணு காது போயிருக்கு. உங்க பொறுப்பு என்ன?"

மேடம் சொல்லுச்சு, "என் தப்புதான். வாசல்ல ஒருத்தர உக்கார வச்சிருந்தேன். அவருக்கு அங்க யாரு என்ன உறவுன்னு தெரிஞ்சும் நம்புனேன்."

"யாரு அவரு?"

"அவர்கிட்டயும் பேரு வராதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கேன். சொல்ல முடியாது."

ஒருத்தர்! அம்புட்டுதான் சார். வேற ஒண்ணுமில்ல, ஒருத்தர். அத்தன பெரிய மனுசங்க முன்னாடி தவசின்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போகுது? அங்க மேசையில வச்சிருந்த அது எழுதுன புத்தகத்துல, மொதப் பக்கத்துல நன்றின்னு போட்டு, ரூமு குடுத்தவுக பேரு, டீக்கடைக்காரன் பேரு எல்லாம் இருக்கு. நான் எடுத்துத் தடவித் தடவிப் பாத்தேன்.

எல்லாரும் கை தட்டி, டாக்டர்னு சொல்லி, டீ குடுத்தாக. நான் செவத்தோரமா நிக்கிறேன், சீனியம்மா நேரா என்கிட்ட வர்றா. எங்க ஊர்ல கிழக்குத் தெரு ஆளுக எங்களப் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாக. பொடிப்பயலா இருந்தாலும் சாமின்னுதான். இவ மொகத்துக்கு நேரா நின்னு கேட்டா.

"வலை கனமா இருந்துச்சா தவசி?"

"இல்லக்கா, சின்ன வலைதான்"னு சொல்லிட்டேன்.

எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியல. அக்கான்னு வேற சொல்லிட்டேன். அவ கத்தல, அழுகல. தலைய ரெண்டு தடவ ஆட்டுனா. கையில இருந்த டீய நின்னு நிதானமாக் குடிச்சு முடிச்சா. "இதத்தான் ஒன் வாயில கேக்கணும்னு இருந்தேன்"னுட்டுப் போயிட்டா. பாத்தா ரெண்டடி தள்ளி மேடம் நிக்குது. கேட்டிருக்கும். கண்ணாடியக் கழட்டித் தொடச்சுச்சு.

வலை வீசுறது கொலையா சார்? நீங்களே சொல்லுங்க. இருபத்திரெண்டு வயசு. மாமா "வீசுடா"ன்னாரு. கையில இருந்துச்சு, வீசுனேன். அவன் ஓடாம நின்னு பேசட்டும்னுதான் வீசுனேன். நான் ஒரு வெட்டு வெட்டல. மாமா மேல சத்தியமா வெட்டல.

மேடம் ஊர விட்டுப் போயிருச்சு, வடக்க எங்கயோ காலேஜுல வாத்தியாரா இருக்காம். கரையில அடிச்ச கேசு அடுத்த மாசம் கோர்ட்டுக்கு வருது. அதுலயும் நான் சாட்சி. ராக்கப்பன் இப்பவே வந்து சொல்லிட்டான், என்ன சொல்லணும்னு. சீனியம்மா இந்த வருசம் மீன் ஏலத்துல கையத் தூக்குனா சார். அவ பேருக்கே விழுந்துருச்சு. வர்ற வாரம் கண்மாய அழிக்கப் போறாக. எங்க தெருவுல ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பில்ல. என்ன ஆகுமோ தெரியல, போலீஸ் வரும்கிறாக.

இந்தா, கரை வந்துருச்சு. இந்தப் பக்கம் தெரியுதே, அதான் கண்மாய்.

என்ன சார்? இங்கயா? எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க, ஊரு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கு. மொகம் வெளுத்துப் போச்சே. இருங்க, பைய ஏன் எடுக்குறீங்க? வெயிலு மண்டையப் பொளக்குது, நடந்து போக முடியாது. நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா? வாடகையக் கூட அப்பறம் வாங்கிக்கிறேன், ஏறுங்க.

சரி, உங்க இஷ்டம். நடங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க சார், புது ஆளு, ஒத்தையில போறீங்க, உங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன். கிழக்குத் தெருவுல யார் வீட்டுக்குப் போறீங்க?